முதலில் பாஸ் சொன்ன கை

தருமபுரி, அரூர் பக்கம் ரம்மிக்கு ஆள் சேர்ப்பது எளிது. பிரிட்ஜுக்கு நாலு பேரைத் தேடினால் பொழுது போய்விடும். அதனால் இதில் பழக நினைப்பவர் போனில் ‘பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன்’ திறந்து, முகம் தெரியாத ஒருவருக்கு ஜோடியாக உட்காருகிறார். வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனுக்கு அப்போது 60, அவர் ஜோடி ஷிப்நாத் சர்க்காருக்கு 56.

புதியவர் அதிகம் தடுமாறுவது ஏலத்தில், அதிலும் தான் முதலில் பாஸ் சொல்லிவிட்ட ஆட்டத்தில். ஏலத்தைத் தொடங்கச் சுமார் 12 புள்ளி வேண்டும் (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1). பாஸ் என்றதுமே உங்களிடம் அவ்வளவு இல்லை என்று மேஜைக்கே தெரிந்துவிடுகிறது. பெரிய கையைச் சொல்வதற்காக வைத்திருந்த ஏலங்களுக்கு இனி வேலையில்லை. புதிய ஜாதியைக் கேட்டால் ஜோடி மறுபடி பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் போய்விடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் இரண்டு பேரும் பாஸ் என்றால், மூன்றாவதாக இருக்கும் ஜோடி 10 புள்ளியிலேயே துணிந்து தொடங்குவார். நாலாமவர் பலசாலியாக இருக்கலாம். அவருக்கு முன்னால் இடத்தை அடைக்க வேண்டுமே!

உங்கள் கை: ஸ்பேட் ராஜா-8-4, ஹார்ட் ஏஸ்-7-3, டைமண்ட் ராஜா-ஜாக்-6-2, கிளாவர் 9-8-5. மொத்தம் 11. ஜோடி ‘ஒரு ஸ்பேட்’ என்கிறார். கை நிறைய இருக்கிறதே என்று மூன்று ஸ்பேடுக்குத் தாவுகிறீர்கள். அவரிடம் இருப்பது ஸ்பேட் ஏஸ்-ராணி-ஜாக்-9-5, ஹார்ட் 8-4, டைமண்ட் ராணி-7-5, கிளாவர் ஜாக்-6-2. ஹார்ட்டில் ஒன்று, டைமண்டில் ஒன்று, கிளாவரில் மூன்று என்று ஐந்து பிடி எதிரிக்குப் போகும். கிடைப்பது எட்டு, கேட்டது ஒன்பது.

இதற்கு மருந்து ட்ரூரி. கனடாவின் டக்ளஸ் ட்ரூரி, இப்படி மெலிந்த கையில் தொடங்கும் தன் ஜோடி எரிக் மரேயைச் சமாளிக்கவே இதை உருவாக்கினார். ஜோடி ஹார்ட் அல்லது ஸ்பேடில் தொடங்கினால், பாஸ் சொன்னவர் ‘இரண்டு கிளாவர்’ என்கிறார். கிளாவர் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ‘உங்கள் ஜாதியில் எனக்கு மூன்று சீட்டாவது இருக்கிறது, 10 அல்லது 11 புள்ளி, உண்மையிலேயே தொடங்கினீர்களா?’ என்று கேட்கிறார். இன்று பலரும் ஆடும் ரிவர்ஸ் ட்ரூரியில், மெலிந்த கைக்காரர் தன் ஜாதியையே இரண்டில் சொல்லி நிறுத்துவார். மேலே சொன்ன கையில் ‘இரண்டு ஸ்பேட்’ என்று நின்று, எட்டுப் பிடியில் ஒப்பந்தம் தேறும்.

இதில் ஒரு நஷ்டம் உண்டு: உண்மையாகவே நீளமான கிளாவர் வந்தால் அதை இரண்டில் சொல்ல வழியில்லை. அது எப்போதோ வருவது, பொறுத்துக்கொள்ளலாம்.

பாஸ் சொன்ன கைக்கென்று வேறு மரபுகளும் இருக்கின்றன. உதாரணமாக, புதிய ஜாதிக்குத் தாவினால் அதில் நல்ல ஐந்து சீட்டும் ஜோடியின் ஜாதிக்கு நாலு சீட்டுத் துணையும் என்று வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், ட்ரூரி கைவசமாகும்வரை அதைத் தொட வேண்டாம்.

எதிரி நடுவில் புகுந்து வேறு ஜாதி கேட்டால் ட்ரூரி உண்டா, இல்லையா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்; இல்லை என்று வைப்பது புதியவருக்கு எளிது. போனில் புது ஜோடி என்றால் ஆட்டம் தொடங்கும் முன் ‘ட்ரூரி ஆடுவீர்களா?’ என்று தட்டிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதை எடுக்காதீர்கள். அவர் உங்கள் இரண்டு கிளாவரை நிஜமென்று நம்பிப் பாஸ் சொன்னால், 9-8-5 கிளாவரைத் துருப்பாக வைத்துக்கொண்டு ஆட வேண்டியிருக்கும்.