சுருங்கை வழிச் செல்லும் செய்தி

மதுரையின் காவற்காட்டையும் அகழியையும் கடந்து கோவலன் நகருட் புகுந்த வழியைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை 'சுருங்கை' என்னும் சொல்லால் குறிக்கின்றது. யானை நிரை செல்லுதற்கு அமைத்த கரந்த வழி அது. அச்சொல் கிரேக்க மூலத்தது என்பர் அறிஞர் சிலர். கணினி வலையில் ஒரு நெறிமுறைக்குரிய செய்தியை வேறொரு நெறிமுறைக்குள் பொதிந்து அனுப்பும் முறையைச் 'சுரங்கப்பாதை' என்றே இன்று பலரும் எழுதுகின்றனர். அது மண்ணைத் தோண்டி ஈயம் எடுப்பதையே முதலில் நினைவூட்டும். சுருங்கை என்பதே சாலப் பொருந்தும்.

இணையத்தில் ஒவ்வொரு பணிக்கும் எண்ணிட்ட வாயில் உண்டு. தளத்தின் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் பெயர்ப்பணிக்கு 53. இணையப் பக்கங்களுக்கு 80. மறைகுறியிட்ட பக்கங்களுக்கு 443. அலுவலகக் காவல் அரண்கள் ஏனைய வாயில்களை அடைத்தாலும் கடைசி இரண்டையும் அடைப்பது அரிது. அடைத்தால் பக்கம் எதுவும் திறவாது. ஆகவே, வேறு பணிக்குரிய செய்தியைப் பக்கம் வேண்டுவதுபோல் எச்.டி.டி.பி. உறையிலிட்டு அனுப்புவர். மறுமுனை வழங்கி உறையை நீக்கி உள்ளதை உரிய இடம் சேர்க்கும்; விடையையும் அவ்வாறே உறையிட்டுத் திருப்பும். தெலுக் பங்லிமா காராங் வழியாகப் புலாவ் இண்டா துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன்களைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். முத்திரையிட்ட பெட்டிக்குள் இருப்பது இரப்பர்க் கையுறையா மரச்சாமானா என்பதைச் சாலையில் நிற்பவர் அறியார்.

எல்லாச் செய்தியும் இவ்வொரு வாயிலில் புகுந்தால் காவல் அரணால் பயன் யாது? 2001 ஏப்ரல் 1ஆம் நாள், 'காவல் அரண் மேம்பாட்டு நெறிமுறை' என்ற பெயரில், வலைப் போக்குவரத்து முழுவதையும் எச்.டி.டி.பி.யில் பொதியும் வகையை விளக்கி ஓர் இணைய ஆவணம் (எண் 3093) வெளிவந்தது. முட்டாள்கள் தினக் கேலிதான். எனினும் அதன் கருத்து விளையாட்டாய் முடியவில்லை. 2018 அக்டோபரில் வெளிவந்த 8484ஆம் ஆவணம் பெயர்ப்பணிக் கேள்வியை மறைகுறியிட்ட எச்.டி.டி.பி.யில் அனுப்பும் முறையை வகுத்தது. கேள்வி 53ஐ விட்டு 443இல் செல்லும்.

மலேசியாவில் இதன் பொருள் 2024 செப்டம்பரில் புலப்பட்டது. கூகல், கிளவுட்பிளேர் முதலிய பொதுப் பெயர்வழங்கிகளுக்குச் செல்லும் கேள்விகளைத் தங்கள் பெயர்வழங்கிகளுக்கே திருப்புமாறு இணையச் சேவை நிறுவனங்களை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் பணித்தது. தீங்கான தளங்களிலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம் என ஆணையம் கூறிற்று. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு வீட்டார் தம் கணினியில் 8.8.8.8 என்று குறித்து வைத்திருக்கின்றனர் என்று கொள்வோம். 53ஆம் வாயிலில் செல்லும் அவர்தம் கேள்வி இடையில் மறிக்கப்படும்; சேவை நிறுவனத்தின் வழங்கியே விடையிறுக்கும். கேட்டது ஒருவரை, விடை சொன்னவர் வேறொருவர். கேட்டவர் அதனை அறியார். நோக்கம் நன்றாயினும் ஆள்மாறாட்டம் ஆள்மாறாட்டமே. எதிர்ப்பு எழுந்ததும், செப்டம்பர் 8ஆம் நாள், தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அம்முறையைத் தொடரவேண்டாம் எனத் தாம் கேட்டுக்கொண்டதாக அறிவித்தார்.

53ஐ மட்டும் மறிக்கும் காவல் உறையிட்ட கேள்வியைத் தடுக்காது. தடுக்க வேண்டின், பெயர்வழங்கியின் முகவரியையே அடைத்தல் வேண்டும். ஆயினும் சுருங்கையில் புகுந்தோர் யாவர் கண்ணிலும் படார் என்பதில்லை. சேவை நிறுவனம் காணாத கேள்வியை மறுமுனைப் பெயர்வழங்கி முழுதும் காணும். நம்பிக்கை இடம் மாறியதேயன்றி ஒழியவில்லை. தீநிரல் எழுதுவோரும் இதே வழியை ஆள்கின்றனர். மேலும், முகவரி பெற்றபின் தளத்தோடு மறைகுறி உரையாடல் தொடங்கும்போது, அத்தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே செல்கின்றது. அதனையும் மறைக்கும் முறை உலாவிகளில் மெல்லப் பரவி வருகின்றது.