பங்குனி முதல் தை வரை: பள்ளத்தூரைச் சுற்றி ஓராண்டுக் கலை நாட்காட்டி

செட்டிநாடு பார்க்க வருபவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் ஒரு படம், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் அரை மணி நேரம், மதியம் செட்டிநாட்டு விருந்து, பிறகு பிள்ளையார்பட்டி. இருட்டுவதற்குள் கார் திரும்பிவிடும். இந்த ஊர்களில் ஆண்டு முழுக்க நடக்கும் கலை, இலக்கிய நிகழ்ச்சிகள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அவர்களை விடுங்கள், பள்ளத்தூரில் வீட்டை வைத்துக்கொண்டு சென்னையிலும் சிங்கப்பூரிலும் வாழ்பவர்களின் பிள்ளைகளுக்கும் இது தெரியாது. ஊருக்கு வரும் தேதியைக் குறிப்பதற்குக் கல்யாணமும் கோயில் படைப்பும் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

நாட்காட்டியைப் பங்குனியிலிருந்து தொடங்கலாம். பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் காரைக்குடி. அங்கே 1939-ல் ‘கம்பன் அடிப்பொடி’ சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். சட்டை போடாமல் மேலே துண்டு மட்டும் அணிந்து மேடைகளில் வலம் வந்தவர். அவர் ஆரம்பித்து வைத்த கம்பன் விழா பங்குனி மகம், பூரம், உத்திரம் ஆகிய நாட்களில் காரைக்குடியிலும், அத்த நட்சத்திரத்தன்று கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையிலும் நடப்பது மரபு. குழந்தைக்குக் கல்வி வர வேண்டும் என்று அந்தச் சமாதி மண்ணை எடுத்து நாவில் தொட்டு வைக்கும் வழக்கம் இங்கே உண்டு.

இன்று தொலைக்காட்சியில் தீபாவளி, பொங்கல் என்றால் பட்டிமன்றம் இல்லாமல் முடியாது. அந்த வடிவத்துக்கு நவீன உருவம் கொடுத்த மேடைகளில் முதன்மையானது இந்தக் கம்பன் விழா. பரதனா, கும்பகருணனா என்பது போல ஒரு தலைப்பு, இரண்டு அணி, ஒவ்வொரு வாதத்துக்கும் காப்பியத்திலிருந்தே சான்று, கடைசியில் நடுவர் தீர்ப்பு. நகைச்சுவைத் துணுக்குகளை வைத்துக்கொண்டு இந்த மேடையில் நெடுநேரம் நிற்க முடியாது. படித்துவிட்டு வந்தவர்தான் ஜெயிப்பார். இதைப் பார்த்துப் பல ஊர்களில் கம்பன் கழகங்கள் முளைத்தன. இலங்கையிலும் 1980-ல் ஒன்று தொடங்கியது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளையை ஒரு நாளாவது இங்கே அழைத்துவந்து உட்கார வைப்பது நல்லது. டியூஷனில் கிடைக்காத தமிழ் இங்கே காதில் விழும்.

பங்குனி, சித்திரை, வைகாசி என்று அம்மன் கோயில் திருவிழாக்கள் வரிசைகட்டும்போது ஸ்பெஷல் நாடகங்களும் வந்துவிடும். அதிகம் போடப்படுவது ‘வள்ளி திருமணம்’. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த வழியில் வந்த இந்த நாடகங்களில் ஒரு விசேஷம் உண்டு. நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் விழாக் குழு தனித்தனியாகப் பேசி வரவழைக்கும். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. ராத்திரி பத்து மணி வாக்கில் ஆர்மோனியக்காரர் சுதி பிடிக்க, பபூன் வந்து கூட்டத்தைக் கட்டிப்போடுவார். நள்ளிரவு தாண்டி நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடுபிடிக்கும். பாட்டாலும் வசனத்தாலும் ஒருவரை ஒருவர் மடக்குவதெல்லாம் அந்த நேரத்தில் மேடையிலேயே பிறப்பது. விடிந்த பிறகுதான் கல்யாணம்.

பள்ளத்தூருக்கு நாடகம் அந்நியமல்ல. மன்னார்குடியில் 1937 மே 26 அன்று பிறந்த கோபிசாந்தா என்ற பெண் குழந்தை, தாயுடன் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. வீட்டு வறுமையில் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. ஊருக்கு நாடகம் போட வந்த குழுவில் பாடுவதற்கு ஆள் தேவைப்பட, அந்தச் சிறுமி மேடை ஏறினாள். ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பெயர் பரவியது. பிறகு மனோரமா ஆனார். பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ (1958) வழியாகத் திரைக்கு வந்தார். ஆயிரம் படங்களைத் தாண்டிக் கின்னஸில் இடம்பெற்றார். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரியாக அவர் பேசும் பேச்சில் இந்த மண்ணின் மேடை வாசனை அப்படியே இருக்கிறது. ஆண்டுதோறும் மே 26 அன்று பள்ளத்தூரில் ஒரு நாடக இரவு நடத்தலாம். அவரை வளர்த்த ஊருக்கு அந்த உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

வரலாற்றுக்கு இரண்டு தேதிகள் போதும். ஏப்ரல் 18 உலக மரபு நாள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்த செட்டிநாட்டு ஊர்களில் பள்ளத்தூரும் ஒன்று. பள்ளி மாணவர்களைத் தெருத் தெருவாக நடத்திக் கூட்டிப்போய் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டின் அமைப்பை விளக்க ஒரு காலைப்பொழுது போதும். அப்படியே கானாடுகாத்தானுக்குப் போனால் பாரதி கதை கிடைக்கும். 1919-ல் வை. சு. சண்முகம் செட்டியாரின் அழைப்பில் பாரதி அங்கே வந்து தங்கினார். காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கும் போனார். கையில் தடியோடு அவர் நிற்கும் புகழ்பெற்ற புகைப்படம் அந்தப் பயணத்தில் எடுக்கப்பட்டதுதான். பாரதி பாடல்களோடு 1947-ல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தை ஏவி.எம். எடுத்ததும் காரைக்குடியில்தான்.

மார்கழியில் பிள்ளையார் நோன்பு. தையில் நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல். இவை வழிபாடுகள் என்றாலும் மாவிளக்கிலும் கோலத்திலும் ஒரு கலையே இருக்கிறது. கையோடு ஒரு நாள் ஒதுக்கினால் இதே மாவட்டத்துக் கீழடிக்கும் போய்வரலாம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டு பாணியிலேயே கட்டப்பட்டிருக்கிறது.

நாட்காட்டியில் சற்றுப் பின்னே போனால், நவம்பர் 14 தொடங்கித் தேசிய நூலக வாரம். இந்த வட்டாரத்தில் அந்த வாரத்துக்குத் தனி அர்த்தம் உண்டு. பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, கிடைத்த காசையெல்லாம் பழைய புத்தகத்தில் போட்டவர். நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் என்று சுமார் 1,00,000 அச்சுப் பொருட்களைச் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. அது தமிழ்நாட்டை விட்டுப் போகாமல் 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர் எந்த நாட்டுக்காரரானாலும் இன்று அந்த வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

ஆனால் செட்டிநாட்டில் ஒவ்வொரு வீடாகப் பிரிக்கப்படும்போது தேக்குத் தூணுக்கும் எனாமல் பாத்திரத்துக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலை இருக்கிறது, காகிதத்துக்கு இல்லை. அது எடைக்குப் போகிறது. 1900-ல் பர்மாவின் மோல்மீனில் லேவாதேவி தொடங்கிய முருகப்பா குழுமத்தாரின் பூர்வீகம் பள்ளத்தூர். அவர்களைப் போலவே எத்தனையோ குடும்பங்கள் கடல் தாண்டிப் போன ஊர் இது. கடிதமும் பேரேடும் இன்னும் எத்தனை பரணில் கிடக்கின்றனவோ. ஊரிலேயே சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி இருக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்யும் வேலையை அந்த மாணவிகள் அருமையாகச் செய்வார்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போய் வீட்டைச் சுத்தம் பண்ணும்போது பர்மாக் கடிதமோ, நாடக நோட்டீஸோ, பழைய கல்யாணப் பத்திரிகையோ கையில் கிடைத்தால் பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பொறுப்பான ஒரு நூலகத்தில் கொடுங்கள். கொடுக்க மனம் வரவில்லையா, செல்போனிலாவது தெளிவாகப் படம் எடுத்து, யார் வீட்டுடையது, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள்.