மஞ்சளும் மூட்டுவலியும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்தபின், நம் பங்கைச் சேர்ந்த வயது முதிர்ந்த தாயார் ஒருவர் சுவரைப் பற்றியவாறே பங்குமனைக்கு வந்தார். "மாத்திரையை விட்டு ஆறு மாதமாயிற்று சாமி, மஞ்சள் பால்தான் குடிக்கிறேன்" என்றார். அவர்தம் விரல்கள் கோணியிருக்கக் கண்டு திடுக்கிட்டோம். அவருக்கு இருந்தது முடக்குவாதம். இன்னும் எத்தனை இல்லங்களில் இந்நிலையோ என்னும் கவலையால் இதனை வரைகின்றோம்.

மஞ்சளின் பயன் வெறும் கட்டுக்கதையன்று. அதற்குப் பொன்னிறம் தரும் குர்குமின் என்னும் பொருள் அழற்சியைத் தணிக்கவல்லது. முழங்கால் தேய்மானமுற்றோரிடையே நடந்த சிறு ஆய்வுகள் பலவற்றில் வலி ஓரளவு குறைந்தது. ஆயின், அவற்றிற் பெரும்பாலும் தரப்பட்டது நாளொன்றுக்கு 500 மில்லிகிராமும் அதற்கு மேலுமான மஞ்சட்சாறு. நம் வீட்டு மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவே. ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் எனக் கொண்டால், கிடைப்பது ஏறத்தாழ 90 மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதி குருதியிற் கலவாமலே வெளியேறிவிடும்.

இக்குறையை நீக்கத் துணைபுரிவது மிளகு. நம் ஆயர் பேரவையின் கீழ் இயங்கும் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளாகிய பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, உடல் ஏற்கும் அளவு சுமார் இருபது மடங்கு பெருகியது. குர்குமின் கொழுப்பிற் கரைவது. ஆகவே, பாலில் மஞ்சளோடு ஒரு சிட்டிகை மிளகுத்தூள் இடும் நம் அன்னையரின் வழக்கம் பொருத்தமானதே.

ஆனால் முடக்குவாதம் வேறு. உடலின் காப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் நோய் அது. தக்க மருந்தின்றிக் கழியும் ஒவ்வொரு மாதமும் எலும்பை அரிக்கும். அதற்கு மஞ்சள் துணையாகலாம், மருந்துக்கு ஈடாகாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போரும் பித்தப்பைக் கல் உடையோரும், மருத்துவரைக் கேளாது மஞ்சள் மாத்திரைகளை உட்கொள்ளற்க. மிளகுச்சாறு கூட்டிய செறிவு மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்புற்றோரும் உளர். குழம்பில் இடும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டா.

சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம், நிலம் தரும் மருந்தையும் மருத்துவரையும் ஒருங்கே போற்றுகின்றது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் முறையன்று.

அத்தாயார் மீண்டும் மருத்துவமனை சென்றார். வீக்கம் வடிந்தது, வலியும் தணிந்தது. இரண்டு விரல்கள் மட்டும் நிமிரவில்லை. இன்றும் இரவில் மஞ்சள் பால் அருந்துகின்றார், மாத்திரையை விடாமல்.