கணப்படுப்பில் பிறந்த கிதார்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் தந்தையிடம் கேட்கும் பொருள்களுள் மின்கிதாரும் இந்நாளில் ஒன்றாகிவிட்டது. தந்தையர் கூறும் விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, "பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்" என்பது, மற்றொன்று, "விலை என்ன?" என்பது. மூன்றாவதாக ஒரு விடையும் உண்டு. "வாடா, நாமே செய்து பார்ப்போம்" என்பதே அது. அவ்வாறு விடை கூறிய ஒரு தந்தையின் வரலாற்றை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தந்தையும் மகனும் சேர்ந்து ஒரு கிதாரைச் செய்தார்கள். அந்தக் கிதாரே பின்னர் அவ்விருவரையும் பிரித்தது என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

இங்கிலாந்தில், லண்டன் மாநகரின் புறத்தே ஃபெல்த்தம் என்றோர் ஊர் உண்டு. 1960-களில் அங்கே ஹெரால்டு மே என்பவர் வாழ்ந்து வந்தார். அரசாங்க வேலை; அளவான வருவாய்; ஒரே மகன். மின்கருவிகளில் தேர்ச்சி மிக்க அவர், வீட்டுக்கு வேண்டியவற்றைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் இயல்பினர். மகன் பிரையன் 1947-இல் பிறந்தவன். ஏழாம் பிறந்தநாளில் அவனுக்கு ஒரு சாதாரணக் கிதார் கிடைத்தது. வளர வளர அவன் உள்ளம் மின்கிதாரை நாடியது. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபெண்டர், கிப்சன் கிதார்களோ அக்குடும்பத்தின் கைக்கு எட்டாத விலையில் இருந்தன. எனவே 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தந்தையும் மகனும் வேலையைத் தொடங்கினர். அப்போது பிரையனுக்கு வயது பதினாறு. வேலை முடிய ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆயின.

மின்கிதார் என்பது என்ன? வீணையை அறிந்த நமக்கு இது கடினமன்று. வீணைக்குக் குடமும் தண்டியும் மெட்டுகளும் குதிரையும் பிரடையும் இருப்பதுபோல் கிதாருக்கும் உண்டு. ஒலி பெருகும் வழியில்தான் வேற்றுமை. வீணையில் மரக்குடம் ஒலியைப் பெருக்குகிறது. மின்கிதாரிலோ எஃகுத் தந்தியின் அடியில் காந்தமும், அதனைச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும் இருக்கும். தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு சுருளில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. 1831-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மையே இது. அம்மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் இசை கேட்கும். காந்தமும் சுருளும் சேர்ந்த அவ்வுறுப்பை 'பிக்கப்' என்பர்.

இனி, அவர்கள் பொருள் சேர்த்த விதத்தைப் பார்ப்போம். குளிர்நாட்டு வீடுகளில் கணப்படுப்பின் மேலே மரத்தாலான மேடைச் சட்டம் ஒன்று இருக்கும். யாரோ கழித்து எறியவிருந்த அத்தகைய பழைய மஹோகனிச் சட்டம் ஒன்று கிடைத்தது. கிதாரின் தண்டி அதிலிருந்து பிறந்தது. மரத்தில் புழு துளைத்த பொத்தல்கள் இருந்தன. அவற்றைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். பேனாக்கத்தியாலும் உப்புத்தாளாலும் செதுக்கித் தேய்த்தே தண்டியை உருவாக்கினான் பிரையன். குடத்தின் நடுப்பகுதி ஒரு பழைய ஓக் மேசையிலிருந்து வந்தது. எஞ்சிய பகுதி ஒட்டுப்பலகை. அதன்மேல் மெல்லிய மஹோகனி மரத்தோலை ஒட்டி மூடினர். உள்ளே வெற்றறைகள் விட்டு அமைத்தனர். ஒலிபெருக்கியின் முன் நிற்கும்போது கருவி தானே எதிரொலித்துப் பாட வேண்டும் என்பது பிரையனின் எண்ணம்.

மெட்டுகள் இருபத்துநான்கு. நம் சரசுவதி வீணைக்கும் அதே எண்ணிக்கை என்பதை அன்பர்கள் அறிவர். ஆனால் வீணையில் மெட்டுகளை மெழுகின்மேல் பதிப்பார்கள். சுருதி பிசகினால் மெழுகை இளக்கித் திருத்திக்கொள்ளலாம். கிதாரிலோ மரத்தில் வாளால் பள்ளம் அறுத்து உலோகக் கம்பியை அடித்து இறக்க வேண்டும். அறுத்தது அறுத்ததுதான். ஆகவே கணக்கு முதலிலேயே பிசகாமல் இருத்தல் வேண்டும். அக்கணக்கு இதுதான்: தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி கிடைக்கும். இந்தக் கிதாரின் தந்தி நீளம் 24 அங்குலம். முதல் மெட்டு ஏறத்தாழ 1.35 அங்குலத்தில் அமையும். பன்னிரண்டாவது மெட்டு சரியாக 12 அங்குலத்தில், அதாவது நடுவில் நிற்கும். இருபத்துநான்காவது 18 அங்குலத்தில் முடியும். பள்ளிக்கூடத்துக் கணிதம் இசையாவதைக் கண்கூடாகக் காணும் இடம் இது.

மெட்டுகளுக்கு இடையே அடையாளப் புள்ளிகள் வேண்டுமே! அன்னையின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள் அவ்விடத்தை அழகு செய்தன. தந்திகளின் இழுப்பால் தண்டி வளையாதிருக்க உள்ளே ஓர் எஃகுக் கம்பியைப் பதித்தனர். சுருதியை அசைக்கும் நெம்புகோல் அமைப்பு எல்லாவற்றிலும் நுட்பமானது. கத்தி முனை போன்ற எஃகு விளிம்பின்மேல் ஒரு தகடு நிற்கும். ஒருபுறம் தந்திகள் இழுக்க, மறுபுறம் சுருள்வில்கள் இழுக்கும். நெம்பினால் சுருதி தாழும். விட்டால் பழைய நிலைக்கு மீளும். உராய்வு இருந்தால் மீளாது. அதற்கெனவே குதிரையில் சிறு உருளைகளைக் கையாலேயே கடைந்து பொருத்தினர். அச்சுருள்வில்கள் 1928-ஆம் ஆண்டின் மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சினிலிருந்து வந்தவை. நெம்புகோல், சைக்கிளில் பை தாங்கிய கம்பி. அதன் நுனிக்கு அன்னையின் பின்னல் ஊசி உதவியது!

முதல் முயற்சியில் எல்லாம் கைகூடிவிட்டன என்று எண்ண வேண்டா. பிக்கப்புகளையும் அவர்கள் கடையில் வாங்கிய பொத்தான் காந்தங்களைக் கொண்டு தாமே சுற்றினர். ஒலி நன்றாகவே இருந்தது. ஆனால் வீணையில் கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதுபோல் கிதாரிலும் இழுப்பதுண்டு. அவ்வாறு இழுத்தபோது தந்தி ஒரு காந்தத்தை விட்டு, எதிர்முனை கொண்ட அடுத்த காந்தத்தின்மேல் சென்றது. விரும்பாத ஓர் ஓசை எழுந்தது. இரவு பகலாகச் சுற்றிய சுருள்களைக் கழற்றிவைக்க மனம் எளிதில் வருமா? ஆயினும் கழற்றினர். பர்ன்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனியின் பிக்கப்புகள் மூன்றை வாங்கிப் பொருத்தினர். அவை கீச்சிடாதிருக்கப் பசையை ஊற்றி இறுக்கினர். மூன்றையும் தனித்தனியே இணைக்கவும் துண்டிக்கவும், ஒன்றுக்கொன்று எதிர்முகமாக இணைக்கவும் விசைகளை அமைத்தனர். எதைத் தாமே செய்வது, எதை வாங்குவது என்று அறிவதும் கைத்தொழிலின் ஒரு பாடமன்றோ?

இறுதி வேலை மெருகு. இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் மெருகெண்ணெய் அது. ஒரு பூச்சு காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்; பிறகு அடுத்த பூச்சு; மீண்டும் தேய்ப்பு. அவசரப்படுகிறவனின் கை இங்கே வெளிப்பட்டுவிடும். முடிவில் செம்பழுப்பு நிறத்தில் கருவி ஒளிர்ந்தது. 'ரெட் ஸ்பெஷல்' என்பது அதன் பெயராயிற்று. செலவு ஒரு சில பவுன்களே.

பிரையன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பயின்று பட்டம் பெற்றான். பின்னர் வானியலில் முனைவர் ஆராய்ச்சியில் இறங்கினான். கதிரவனைச் சூழ்ந்த வெளியில் மிதக்கும் நுண்தூசியே அவன் ஆராய்ச்சிப் பொருள். தந்தையின் மனம் குளிர்ந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? ஆனால் 1970-இல் பிரையன் நண்பர்களுடன் 'குயின்' என்னும் இசைக்குழுவில் இணைந்திருந்தான். அக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி பார்சி குடும்பத்தில் சான்சிபாரில் பிறந்தவர். நம் மகாராட்டிர மாநிலத்துப் பஞ்ச்கனியில் பள்ளிக்கல்வி பெற்றவர். அவரும் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளையே. இசையா, ஆராய்ச்சியா என்ற நிலை வந்தபோது, 1974-இல் பிரையன் ஆராய்ச்சியை முடிக்காமலே விட்டான்.

தந்தை இதைத் தாங்கவில்லை. இரண்டாண்டுகள் உடனிருந்து அக்கிதாரைச் செய்து கொடுத்தவர் அவரே. ஆயினும் அது மகனின் வாழ்வை எடுத்துக்கொள்ளும் என்று அவர் எண்ணியதில்லை. இருவருக்குமிடையே நெடுநாள் சரியான பேச்சே இல்லை என்று பிரையன் பின்னாளில் மனம் நொந்து கூறியிருக்கிறார். படிப்பையே பற்றுக்கோடாகக் கொண்டு ஊர் விட்டு ஊர் வந்த நம் தந்தையர்க்கு அந்த ஹெரால்டின் வருத்தம் விளங்காமற் போகாது. குழு உலகப் புகழ் பெற்றபின், நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்கு மகன் பெற்றோரை அழைத்துச் சென்றார். ஆயிரக்கணக்கான மக்கள் நடுவே, தம் வீட்டில் இழைத்த அம்மரம் பாடியதைத் தந்தை கேட்டார். நிகழ்ச்சி முடிந்ததும், தமக்கு இப்போது புரிந்துவிட்டது என்று மகனிடம் சொன்னார். அவ்வளவே. அதற்குமேல் எந்தத் தந்தை சொல்வார்?

விட்ட படிப்பும் வீணாகவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பழைய குறிப்புகளை எடுத்து ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 2007-இல் இம்பீரியல் கல்லூரியிலேயே பிரையன் முனைவர் பட்டம் பெற்றார். அதைக் காணத் தந்தை உயிரோடில்லை. கிதாரோ இன்றும் இருக்கிறது. 1998-இல் அதைப் பழுது பார்த்தபோது பழைய உறுப்புகளைப் போற்றியே செப்பனிட்டனர். 2002-இல் அரசியாரின் பொன்விழாவின்போது பக்கிங்காம் அரண்மனையின் கூரைமேல் நின்று பிரையன் இசைத்ததும் இதே கிதாரைத்தான்.

அன்பர்களே, நம் பிள்ளை கேட்கும் பொருள் கிதாராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கடையில் வாங்கித் தருவது எளிது. மறுத்துவிடுவது அதனினும் எளிது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் உளியும் உப்புத்தாளும் எடுத்துப் பிள்ளையின் அருகே அமர்வதே அரிது. அவ்வாறு அமர்ந்தவர்க்கு, பிள்ளை தாம் எண்ணிய வழியிலேயே செல்வான் என்ற உறுதி கிடைக்காது. ஆனால் பேச்சு அற்றுப்போன நாளிலும் இருவர் கைகளும் சேர்ந்து செய்த பொருள் ஒன்று அவன் தோளில் தொங்கிக்கொண்டிருக்கும். என்றேனும் ஒருநாள் அது பேசும்.