சிறுநீர் உணர்த்திய உண்மை

மருத்துவக் கருவிகள் தோன்றாத காலத்தில், உடலின் உள்ளே நிகழ்வதை அறிய மருத்துவர்க்குக் கிடைத்த சான்றுகளுள் சிறுநீரும் ஒன்று. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் சிறுநீர்த் தேர்வும் அடங்கும். சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை முதலியவற்றை ஆராய்வது நீர்க்குறி. அதில் இட்ட எண்ணெய்த் துளி பரவும் வடிவத்தைக் காண்பது நெய்க்குறி. துளி பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் பரவினால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் எனக் கணித்தனர்.

சிறுநீர் மிகுதியாகக் கழிந்து உடல் மெலியும் நோயைப் பண்டைய மருத்துவர் பலரும் அறிந்திருந்தனர். அச்சிறுநீர் தேன்போல் இனிப்பதையும் அதனை எறும்புகள் நாடுவதையும் கண்ட இந்திய மருத்துவர்கள் அந்நோயை ‘மதுமேகம்’ என்றனர். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென், அது சிறுநீரகத்தின் தளர்ச்சியால் வருவது எனக் கருதினார். குறை சிறுநீரில் தென்படுவதால், நோயும் சிறுநீரகத்தில்தான் இருக்கும் என்னும் எண்ணம் இயல்பானதே. அவ்வெண்ணம் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நோயாளியின் சிறுநீர் மிகவும் இனிப்பதைச் சுவைத்தறிந்து எழுதினார். எனினும், இனிப்புக்குக் காரணம் சர்க்கரையே என்பதை அவர் நிறுவவில்லை. லிவர்பூல் நகர மருத்துவர் மேத்யூ டாப்சன் அச்சிறுநீரைச் சூடேற்றி வற்றச்செய்தார். எஞ்சிய வெண்ணிறப் பொருள் சர்க்கரையை ஒத்திருந்தது. நோயாளியின் குருதி நீரும் இனிப்பதை அவர் கண்டார். 1776இல் வெளியான அவருடைய ஆய்வு ஒரு பெருந்திருப்பம் ஆயிற்று. சர்க்கரையைச் சிறுநீரகம் உண்டாக்கவில்லை. குருதியில் மிகுந்ததையே அது வெளியேற்றுகிறது என்பது புலனாயிற்று.

அவ்வாறாயின், குருதியில் சர்க்கரை மிகுவது ஏன்? 1889இல் ஜோசப் வான் மெரிங், ஆஸ்கார் மின்கோவ்ஸ்கி ஆகிய இருவரும் நாய் ஒன்றின் கணையத்தை அகற்றினர். அந்நாய்க்கு நீரிழிவு உண்டாயிற்று. சிறுநீரில் தெரிந்த நோயின் வேர் கணையத்தில் இருந்தது.

வேர் தெரிந்தபோதும் மருந்து கிட்டவில்லை. நீரிழிவுற்ற சிறுவர்க்குக் கடும் உணவுக் கட்டுப்பாடு வாழ்நாளைச் சிறிது நீட்டியதேயன்றி உயிரைக் காக்கவில்லை. 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிரெடெரிக் பேண்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தனர். ஜேம்ஸ் காலிப் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது ஊசிவழிச் செலுத்தப்பட்டது. அவனுடைய சிறுநீரில் சர்க்கரை ஏறத்தாழ மறைந்தது. தளர்ந்திருந்த உடல் தேறியது. அம்மருந்தே இன்சுலின்.

நோய் வெளிப்படும் இடமும் அது தோன்றும் இடமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. கண்ட குறியோடு நின்றுவிடாமல், அதன் காரணத்தைத் தேடிச் சென்றதனாலேயே எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன.