இரத்தச்சோகை: காரணம் அறிந்து மருந்து

வெள்ளவத்தையில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, கொட்டாஞ்சேனைச் சந்தைக்குப் போய்வந்தால் தலை சுற்றுகிறது என்று சொல்லும் பெண்கள் பலர், அதை வேலை அலுப்பு என்றே விட்டுவிடுகிறார்கள். அது இரத்தச்சோகையாகவும் இருக்கலாம்.

செங்குழியங்களில் உள்ள ஈமோகுளோபின்தான் ஒட்சிசனை உடலெங்கும் கொண்டுபோகிறது. அது குறையும்போது இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். படபடப்பும் களைப்பும் அதனால் வருபவை. மெல்ல மெல்லக் குறைந்தால் உடல் பழகிவிடும். நோய் தெரியாமலே போகும்.

எவ்வளவு இருந்தால் குறைவு?

முழு இரத்தப் பரிசோதனையில் ஒரு டெசிலீற்றருக்கு ஈமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் இரத்தச்சோகை. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11.

ஏன் வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் மாத்திரை மட்டும் விழுங்குவதில் பயனில்லை. அதிக மாதவிடாய்ப் போக்கு, அடுத்தடுத்த பிரசவம், கொழுக்கிப்புழு, குடற்புண், மூலம், சிறுநீரக நோய் என்று காரணங்கள் பல. முழுச் சைவர்களுக்கு விற்றமின் பி12 குறைவாலும் வரலாம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்திருந்தால், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இலங்கையில் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயையும் நினைவில் வைக்க வேண்டும். அதன் மரபணுவைச் சுமப்பவர்களின் செங்குழியங்கள் சிறியவை. இரும்புக் குறைவு போலவே தோன்றும், ஆனால் இரும்பு போதியளவு இருக்கும். சுமப்பவர் இருவர் மணந்தால் பிள்ளைக்குக் கடும் நோய் வரக்கூடும். ஆகவே திருமணத்துக்கு முன் பரிசோதிப்பது நல்லது.

சாப்பாடும் தேத்தண்ணியும்

ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றின் இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளும். கீரை, பயறு, கௌபி, குரக்கனில் உள்ளதை அவ்வளவாக எடுக்காது. அவற்றோடு தேசிக்காய்ப்புளி, கொய்யா, நெல்லி சேர்த்தால் உறிஞ்சல் கூடும். பீட்ரூட்டின் சிவப்பு இரும்பின் நிறம் அல்ல. அதில் இரும்பு சொற்பமே.

சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ இரும்பைத் தடுக்கிறது. தேத்தண்ணியை விடவேண்டாம், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னோ பின்னோ குடியுங்கள்.

மாத்திரை

இரும்பு மாத்திரையைப் பாலோடும் கல்சியம் மாத்திரையோடும் சேர்த்து எடுக்க வேண்டாம். மலம் கறுப்பது இயல்பு. வயிறு பிரட்டினால் நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்; அளவையோ வேளையையோ மாற்றித் தருவார். ஈமோகுளோபின் சரியான பின்னும் உடலின் இருப்பு நிரம்ப ஏறக்குறைய 3 மாதம் தொடர வேண்டும். சிறுபிள்ளைகள் அதிகம் விழுங்கினால் உயிராபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள்.

எங்கே போவது?

கர்ப்பிணிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனையும் இரும்பு, போலிக் அமில மாத்திரைகளும் இலவசம். திரிபோஷா சத்துமாவும் அங்கே வழங்கப்படுகிறது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மற்றவர்களுக்கு அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. இருந்த இடத்திலேயே மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் வைத்தியரிடம் “எனக்கு ஏன் குறைந்தது?” என்று கேட்டுவிட்டே எழுந்து வாருங்கள்.