கட்டளை செல்லாத நாற்காலி

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் உள்ளாட்சித் தேர்தல் வந்தால் ஆளுக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு ஒரு சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னங்கள் வரிசையாக இருக்கும். மற்ற இரண்டிலும் கட்சி கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று தேர்தல் அதிகாரி ஒதுக்கும் பொதுச் சின்னங்கள்தான். அந்த இளஞ்சிவப்புச் சீட்டில் பெயர் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். மிலிட்டரிக்காரர்.

பார்த்தாலே தெரியும். காது மேல் ஒட்ட வெட்டிய முடி, தேய்த்த சட்டை, பைக்கில் 'எக்ஸ்-சர்வீஸ்மேன்' ஸ்டிக்கர், வணக்கத்துக்குப் பதில் ஜெய்ஹிந்த். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஆள் எடுப்பில் ஓடித் தேறிப் போனவர், பதினேழு ஆண்டு சர்வீஸ் முடித்து நாற்பதைத் தொடுமுன்னே ஊர் திரும்பிவிடுகிறார். பாங்கிலோ ஆலையிலோ காவல் வேலை பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். 2015இல் அறிவித்த 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டத்துக்குப் பிறகு, பழைய ஆட்களுக்கும் பென்ஷன் உயர்ந்தது. வேட்பாளராக அவருக்குள்ள முதல் தகுதியே அந்தப் பென்ஷன்தான். "அவருக்கென்ன, மாசம் பொறந்தா கவர்மெண்டு காசு வருது. பஞ்சாயத்துப் பணத்துல கை வைக்கணும்னு தலையெழுத்தா?" என்று டீக்கடைத் திண்ணையில் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கைத் தப்பென்று சொல்லமாட்டேன். தலைவர் பதவிக்கு 600 ரூபாய் டெபாசிட் கட்டி, தேர்தல் ஆணையம் வைத்த 34,000 ரூபாய் வரம்பைப் போல் எத்தனையோ மடங்கு செலவழிக்கிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் அது. போட்ட காசை எடுக்க வேண்டிய அவசியம் இல்லாதவர் என்றாலே பாதி நம்பிக்கை வந்துவிடும்.

மீதிப் பாதியை அவருடைய பேச்சு சம்பாதிக்க வேண்டும். அங்கேதான் அவருடைய அரசியல் தெரியவரும். படையில் இருக்கும்வரை அரசியல் பேச விதி இடம் தராது. அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது; கட்சிக் கூட்டத்தில் கலந்துகொள்வதையும் கட்சி வேலை செய்வதையும் ராணுவ விதிகள் தடுக்கின்றன. பதினேழு வருஷம் அடக்கி வைத்த வாய் ஊருக்கு வந்ததும் வட்டியும் முதலுமாகப் பேசும். தேசம், தெய்வம், ஒழுங்கு. பையன்கள் தலைமுடியை ஒழுங்காக வெட்டவேண்டும், கோவில் கொடையில் குடித்துவிட்டு ஆடக்கூடாது, பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கவேண்டும். திராவிடக் கட்சிகள் இரண்டையும் திட்டுவார். தாமரைக்கு ஓட்டுப் போட்டிருப்பார், ஆனால் அந்தக் கொடியோடு ஊருக்குள் நிற்கத் தயங்குவார். கட்சிச் சின்னம் இல்லாத இளஞ்சிவப்புச் சீட்டு அந்தத் தயக்கத்துக்குத் தோதான இடம்.

மதுவிலக்கு வாக்குறுதி கொடுக்கும்போது மட்டும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடும். முன்னாள் படைவீரருக்கு மாதா மாதம் கேண்டீனில் ரம் ஒதுக்கீடு உண்டு என்பது ஊருக்கே தெரியும். கொடைக்கு முந்தின வாரம் அவர் வீட்டு வாசலில் செருப்புகள் கூடுவதும் தெரியும்.

ஆனாலும் மது இந்த வட்டாரத்தில் சிரித்துக் கடந்துபோகிற விஷயம் இல்லை. குருவிகுளம் ஒன்றியத்துக் கலிங்கப்பட்டியில், 2015 ஆகஸ்டில், டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தில் வைகோவின் தாயார் மாரியம்மாள் தள்ளாத வயதில் முன்னால் வந்து உட்கார்ந்தார். கடை உடைப்பு, கண்ணீர்ப்புகை என்று தமிழ்நாடே பார்த்தது. அந்தப் போராட்டத்துக்கு ஊர் பிடித்துக்கொண்ட ஆயுதம் கிராம சபைத் தீர்மானம். ஒரு மிலிட்டரிக்காரரின் அதட்டல் செய்யமுடியாததை, மினிட் புத்தகத்தில் கைநாட்டும் கையெழுத்துமாக ஊர் எழுதிவைக்கிற ஒரு பக்கம் செய்யப் பார்க்கிறது.

ராணுவத்திலிருந்து வந்து ஊரை ஒழுங்குபடுத்தியவர் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருகிறவர் அண்ணா ஹசாரே. ராணுவ லாரி ஓட்டுநர். 1965 போரில் கேம்கரண் முனையில் சாவைத் தொட்டுத் திரும்பியவர். 1975இல் மகாராஷ்டிரத்தின் ராலேகான் சித்திக்கு வந்து, இடிந்து கிடந்த கோவிலைக் கையிலிருந்த பணத்தில் எடுத்துக் கட்டினார். பிறகு குளம் குட்டை, வரப்பு, மரம் என்று வறண்ட ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். 1992இல் பத்மபூஷண். அதெல்லாம் மெய். குடித்துவிட்டு வந்தவர்களைக் கோவில் தூணில் கட்டிவைத்து பெல்ட்டால் அடித்ததும் மெய், அவரே மறைக்கவில்லை. ஆனால் அவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கவில்லை. நின்று ஜெயித்திருந்தால் அந்த பெல்ட்டை எடுத்திருக்க முடியாது; எடுத்திருந்தால் கலெக்டர் நோட்டீஸ் வந்திருக்கும். நம்மூர் மிலிட்டரிக்காரர்கள் பலர் ஹசாரேயை உதாரணம் காட்டுகிறார்கள். ஹசாரே தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்ல என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

தேர்தலில் நின்றவர்களின் கதை வேறு. இந்தியப் படைக்கு முதல் இந்தியத் தளபதியான கரியப்பா, 1949 ஜனவரி 15இல் பொறுப்பேற்ற நாளைத்தான் இன்றும் ராணுவ நாளாகக் கொண்டாடுகிறோம். அப்பேர்ப்பட்டவர் 1971இல் மும்பை வடகிழக்கில் நாடாளுமன்றத்துக்கு நின்று, சிவசேனாவின் ஆதரவு இருந்தும் தோற்றார். இலங்கையில் முன்னாள் லெப்டினன்ட் கர்னல் கோத்தபய ராஜபக்ச 2019இல் 'ஒழுங்கு' பேசியே ஜெயித்தார். சிவில் பதவிகளில் ராணுவத்தினரை உட்காரவைத்தார். 2022 ஜூலையில் நாட்டைவிட்டு ஓடினார். தமிழ்நாட்டு அரசியலோ ஒரே ஒரு 'கேப்டனை'த்தான் மனமாரக் கொண்டாடியது. அவர் துப்பாக்கி பிடித்ததெல்லாம் கேமரா முன்னால்.

ஊராட்சித் தலைவரின் நாற்காலியில் கட்டளை செல்லாது என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் கவுண்டி ஷெரிஃபையே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெயித்தவர் கையில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ் படையே இருக்கும். இங்கே ஜெயித்தவருக்கு ஒரு கான்ஸ்டபிளைக்கூட 'வா' என்று சொல்ல அதிகாரம் இல்லை. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். பெரும்பாலும் எதிர்த்துத் தோற்றவரின் சித்தப்பா மகனாகவோ மைத்துனராகவோ இருப்பார். அவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால் தெருவிளக்கு பல்புக்குக்கூட வழி பிறக்காது. டேங்க் ஆபரேட்டர் அதிகாலையில் மோட்டாரைப் போடாமல் தூங்கிவிட்டால் மிலிட்டரிக்காரர் சத்தம் போடலாம். மறுநாள் அவன் லீவு போட்டுவிடுவான். குடத்தோடு பெண்கள் வந்து நிற்பது தலைவர் வீட்டு வாசலில்தான்.

சங்கரன்கோவில் நகராட்சியிலேயே இதைப் பார்த்தோம். 2022இல் பதவிக்கு வந்த தலைவர், 2025 ஜூலையில் கவுன்சிலர்களின் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் நாற்காலியை இழந்தார். சொந்தக் கட்சிக்காரர்களும் எதிராக ஓட்டுப் போட்டார்கள். ராணுவத்தில் மேலதிகாரியைக் கீழே இருக்கிறவர்கள் ஓட்டுப்போட்டு இறக்குவதை நினைத்துப் பார்க்கமுடியுமா?

இன்னொரு சங்கதி, ஊர்க்காரர்கள் வெளியாட்கள் முன்னால் பேசத் தயங்குவது. பாரக்கில் ஒரே அடுப்பு, ஒரே தட்டு, ஒரே வரிசை. ஊருக்கு வந்தால் தெரு சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும். இந்த வட்டாரம் போர்வீரர்களைக் கும்பிடுகிற வட்டாரம். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் வெள்ளைக்காரர்களிடம் பிடிபட்டபோது சங்கரநாராயணர் கோவிலுக்குள் போய் மறைந்தார் என்பது நம்பிக்கை. கோவிலில் அந்த இடத்தை இன்றும் காட்டுவார்கள். அவருடைய படைத்தலைவரான ஒண்டிவீரனுக்கு ஆகஸ்ட் 20, பூலித்தேவருக்கு செப்டம்பர் 1. ஒரே படையில் நின்ற இருவருக்கும் விழா எடுக்க, மாவட்டம் முழுக்கத் தடையுத்தரவு போட்டு, வண்டிகளுக்கு வழித்தடம் குறித்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அதனால்தான் 'ஒழுங்கு' என்று ஒரு மிலிட்டரிக்காரர் பேசும்போது, யாருக்கு யார் அடங்குகிற ஒழுங்கு என்று கேட்கத் தோன்றுகிறது. படையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் பழைய வழக்கத்துக்குக் காவல் நின்றவர்கள் இல்லை. ராமநாதபுரம் சீமையின் இமானுவேல் சேகரன் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு ஊர் வந்தவர். அங்கே நிமிர்ந்து நின்று பழகிய முதுகு இங்கே வளைய மறுத்தது. 1957 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் கொல்லப்பட்டார். நாற்பது ஆண்டு கழித்து, 1997 ஜூனில், மதுரை மாவட்டம் மேலவளவில், தனித்தொகுதியில் ஜெயித்த ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். அவர் உட்கார்ந்ததும் இதே நாற்காலியில்தான். எல்லையில் நின்றதைவிட அந்த நாற்காலியில் உட்கார அதிகத் துணிச்சல் வேண்டியிருந்த ஊர்கள் உண்டு. வெடிச்சத்தம் கேட்டுப் பழகியவர் வாய்விட்டுச் சொல்லவேண்டியது இதை. என் காதுக்கு எட்டியவரை யாரும் சொல்லவில்லை.

தென்காசி உள்பட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில் தேர்வானவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்கிற மிலிட்டரிக்காரர்கள் பலருக்கு எதிரி எதிர்வீட்டுக்காரர் அல்ல, இட ஒதுக்கீட்டுப் பட்டியல்தான். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. ஊராட்சி 'பெண்கள் பொது' என்று வந்துவிட்டால் அவர் உடனே அடுத்த முடிவுக்கு வந்துவிடுவார்: வீட்டுக்காரியை நிறுத்திவிடலாம்.

வாஸ்தவத்தில் அது மோசமான யோசனை இல்லை. அவர் லடாக்கிலும் அசாமிலும் இருந்த பதினேழு வருஷமும் ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தது, பட்டா மாறுதலுக்கு வி.ஏ.ஓ. ஆபீசில் கால் கடுக்க நின்றது, குழாய்ச் சண்டையில் வாயைக் கொடுத்து ஜெயித்தது, எந்தத் தெருவில் எந்த மருமகள் யாரோடு பேசமாட்டாள் என்று மனப்பாடமாக வைத்திருப்பது எல்லாம் அந்த அம்மாள்தான். ஊராட்சிச் செயலரின் செல்போன் எண்ணும் அவரிடம்தான் இருக்கிறது. நோட்டீசில் மட்டும் சீருடையில் கணவர் படம் முக்கால் பக்கத்துக்கு இருக்கும். ஓரத்தில் ஸ்டாம்ப் அளவில் வேட்பாளர். படைவீரர் படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்தக்கூடாது என்று இந்தியத் தேர்தல் ஆணையம் 2013இலும், மறுபடி 2019 மார்ச்சிலும் கட்சிகளுக்குச் சொன்னது. கிராமத்து அச்சகம் வரை அந்தச் சுற்றறிக்கை வந்துசேரவில்லை. வந்தாலும், யார் படம் பெரிதாக இருக்கவேண்டும் என்பது அந்த வீட்டு அடுப்படியில் முடிவாக வேண்டிய சங்கதி. அங்கே ஹவில்தார் சொல் எடுபடும் என்று அவருடைய பைக் ஸ்டிக்கரை நம்பிச் சொல்லிவிட முடியாது.